ஊசியில் நுழையாத நூல்

மாஸ்டர்ஜிக்கு முதலில் சந்தேகம் வந்தது கண்ணின் மீதுதான். நாக்பூர் காந்திபாக் துணிச் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் நாற்பது வருடங்களாகத் தையல் மிஷின் மிதிப்பவர் அவர். பேசிக்கொண்டே நூல் கோக்கிற கை. அது ஒரு நாள் நான்கு முறை தவறியது. கண்ணாடியை மாற்றினார். ஊசியின் காது பளிச்சென்று தெரிந்தது. நூல் மட்டும் நுழைய மறுத்தது.

கழுத்து வலி அவருக்குப் பழைய விஷயம். வயது 61. மனிதத் தலையின் எடை கிட்டத்தட்ட 5 கிலோ. நிமிர்ந்திருக்கும்போது அதைத் தாங்க ஏழு முள்ளெலும்புகள் இருக்கின்றன. குனியக் குனியக் கழுத்துத் தசைகளின் பாடு திண்டாட்டம்தான். சில வருடங்களுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு ‘செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஊரார் பாஷையில் கழுத்தெலும்புத் தேய்மானம். எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் வயதாக ஆக உலர்ந்து சப்பையாகிறது. ஓரங்களில் எலும்பு முள் போல வளர்கிறது. அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோரின் எக்ஸ்ரேயில் இது தெரியும். பலருக்கு வலியே இருக்காது.

மாஸ்டர்ஜிக்கு வலி இருந்தது. பட்டை, மாத்திரை, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் ஒரு சுற்று முடிந்தது. நிஜமான ஆறுதல் தந்தது சந்து முனை சலூன்காரர்தான். ஷேவிங் முடிந்ததும் தலையில் எண்ணெய் வைத்துத் தட்டி, தாடையைப் பிடித்து ‘கடக்’கென்று இடது பக்கம் ஒரு திருப்பு, வலது பக்கம் ஒரு திருப்பு. “ஆச்சு மாஸ்டர்ஜி, எலும்பு எடத்துல உக்காந்துடுச்சு” என்பார். இரண்டு நாளைக்குக் கழுத்து லேசாக இருக்கும்.

உண்மையில் அந்தச் சத்தத்தில் எந்த எலும்பும் எங்கும் போய் உட்காருவதில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக் குமிழி உண்டாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் 2015இல் விரல் மூட்டு சொடுக்குவதை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படம் பிடித்துக் காட்டியது இதைத்தான். சுகம் நிஜம், தேய்ந்த டிஸ்க் தேய்ந்தபடியேதான் இருக்கும்.

தீபாவளிக்கு வந்த மகள் அப்பா நடப்பதைக் கவனித்தாள். கால்களை அகட்டி வைத்து, சுவர் ஓரமாக நடந்தார். “பாபா, புனேவில் ஒரு கைரோபிராக்டர் இருக்கிறார். அமெரிக்காவில் படித்தவர். சலூனில் கழுத்தைக் கொடுப்பதற்கு அது எவ்வளவோ மேல்” என்று ரயிலில் ஏற்றிக் கூட்டிப் போனாள்.

கைரோபிராக்டிக் அமெரிக்கச் சரக்கு. 1895 செப்டம்பரில் அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில் காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்த டேனியல் டேவிட் பால்மர், ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தி அவருடைய காது மந்தத்தைப் போக்கியதாகச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில்தான் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். முதுகெலும்பைச் சரிசெய்தால் கிட்டத்தட்ட எல்லா நோயும் தீரும் என்ற பால்மரின் கொள்கையை விஞ்ஞானம் ஏற்கவில்லை. ஆனால் சாதாரணக் கழுத்து வலி, முதுகு வலிக்கு இந்த முறை ஓரளவு, அதுவும் குறுகிய காலத்துக்கு நிவாரணம் தருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தியாவில் ஆயுஷ் முறைகளின் பட்டியலில் இதற்கு இடமில்லை. பலகை மாட்டியவர்களில் வெளிநாட்டில் வருடக்கணக்கில் படித்தவரும் உண்டு, வீடியோ பார்த்துக் கற்றவரும் உண்டு.

புனேயில் இருந்தது முதல் வகை. முப்பத்தைந்து வயதுப் பெண். கட்டிலைக் காட்டவில்லை, நாற்காலியைக் காட்டினார். கேள்விகள் வந்தன. சட்டைப் பட்டன் போட நேரம் ஆகிறதா? கையெழுத்து மாறிவிட்டதா? நடக்கும்போது தள்ளாடுகிறதா? சிறுநீர் அவசரம்? தலையைக் குனிந்தால் முதுகில் கரண்ட் அடிப்பது போல ஓடுகிறதா?

கடைசிக் கேள்விக்கு மாஸ்டர்ஜி நிமிர்ந்து பார்த்தார். மனைவியிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. பிறகு மெதுவாக ஊசிக் கதையைச் சொன்னார்.

அவர் மாஸ்டர்ஜியின் நடுவிரல் நகத்தைச் சுண்டினார். கட்டை விரல் தானாக மடங்கியது. கோடு போட்டது போலக் காலுக்கு முன் கால் வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் மகள் பிடித்துக்கொண்டாள்.

“காகா, உங்க கழுத்தை நான் தொட மாட்டேன்” என்றார் அவர். “எம்.ஆர்.ஐ. எடுங்க. அப்புறம் நரம்பியல் சர்ஜனைப் பாருங்க.”

“ராத்திரி பூரா ரயில்ல வந்திருக்கேன். ஒரே ஒரு தடவை சொடுக்கி விடக் கூடாதா?”

“கூடாது.”

மாஸ்டர்ஜிக்கு ஏமாற்றம். ‘கைராசி இல்லாதவள்’ என்று ஆட்டோவில் முணுமுணுத்தார். மறுநாள் வந்த படம் வேறு கதை சொன்னது. ஐந்தாவது, ஆறாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே டிஸ்க்கும் எலும்பு முள்ளும் சேர்ந்து தண்டுவடத்தையே நசுக்கிக்கொண்டிருந்தன. நரம்பு வேர் அழுந்தினால் கையில் வலி ஓடும். தண்டுவடமே அழுந்தினால் வலி அதிகம் இல்லாமலேகூட விரல்களும் கால்களும் சொன்ன பேச்சு கேட்காமல் போகும். இதற்கு மயலோபதி என்று பெயர். இந்த நிலையில் கழுத்தை வேகமாகத் திருப்பினால் கை கால் செயலிழக்கும் ஆபத்து உண்டு. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக் குழாய்கள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. அபூர்வமாக அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. 2024இல் பெல்லாரியில் சலூனில் கழுத்தைத் திருப்பிக்கொண்ட இளைஞருக்கு இப்படி நேர்ந்ததாகச் செய்தி வந்தது.

எத்தனை ‘கடக்’குகள் என்று மாஸ்டர்ஜி எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

கழுத்தின் முன்பக்கம் சிறிதாகக் கீறி, டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு துண்டை வைத்து எலும்புகளைச் சேர்ப்பது என்றார் சர்ஜன். “விரல் பழையபடி ஆகுமா?” என்பதுதான் மாஸ்டர்ஜியின் ஒரே கேள்வி. “மேலும் மோசமாகாமல் தடுப்பதுதான் முதல் வேலை. எவ்வளவு திரும்ப வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. தள்ளிப்போட்டால் வருவது குறையும்.” சுற்றி வளைக்காத பதில். ஒரு வாரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், கோணல் எழுத்தில்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. நடை தெளிந்திருக்கிறது. பட்டனை அவரே போட்டுக்கொள்கிறார். கத்தரி பிடித்துத் துணி வெட்டுகிறார். மெல்லிய ஊசிக்கு மட்டும் கடைப் பையன் வேண்டும். “கண்ணுக்குக் கொடுத்த பணத்தைக் கழுத்துக்குக் கொடுத்திருந்தால் இதையும் காப்பாற்றியிருக்கலாம்” என்கிறார்.

சலூனுக்கு இன்னும் போகிறார். முதல் முறை போனபோது கழுத்தில் இருந்த தழும்பைப் பார்த்து சலூன்காரர் வெகுநேரம் பேசவில்லை. இப்போது அவர் யாருடைய தாடையையும் பிடிப்பதில்லை. பழைய வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். அவர் சீப்பைத் துடைத்தபடி, “மாஸ்டர்ஜியைக் கேட்டுட்டு வாங்க” என்கிறார்.