இரண்டு விண்ணப்பங்கள்

பட்டப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் பருவத்தில் நம் வீடுகளில் ஒரு கேள்வி ஓயாமல் ஒலித்துக் கொண்டிருக்கும். "மேலே என்ன படிக்கப் போகிறாய்? ஒன்றைச் சொல்!" என்பதே அது. கேள்வியின் முற்பகுதியில் குற்றம் ஏதுமில்லை. பிற்பகுதியிலுள்ள 'ஒன்றை' என்ற அந்தச் சிறு சொல்லோடுதான் நமக்குத் தகராறு. இரண்டு துறைகளின் பெயரைச் சொல்லும் பிள்ளையைப் பார்த்து, "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்ற பழமொழியைப் பெரியவர்கள் எடுத்து வீசுகிறார்கள். பழமொழி நல்ல பழமொழிதான். ஆனால் அது யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று சிறிது விசாரிப்பது அவசியம்.

இரண்டொரு வருஷங்களுக்கு முன்பு, ஆலங்குடிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து ஒரு தகப்பனாரும் அவருடைய மகளும் நம்மைத் தேடி வந்தார்கள். பெண் பள்ளிக்கூடத்தில் நம்மிடம் படித்தவள். பின்னர் பௌதிகம் எடுத்துப் படித்து பி.எஸ்ஸி. தேறியிருந்தாள். தகப்பனாருக்குக் கடலை வியாபாரம்.

"ஸார், இவள் எம்.எஸ்ஸி. பௌதிகத்துக்கும் மனுப் போடுகிறாளாம். புதைபொருள் ஆராய்ச்சிப் படிப்புக்கும் மனுப் போடுகிறாளாம். இரண்டு கட்டணம் போனால் போகட்டும். ஆனால் இரண்டு இடத்திலும், 'இந்தப் படிப்பில்தான் என் மனம் இருக்கிறது' என்று எழுதுகிறாளே, அது நியாயமா? ஒரே மூட்டைக்கு இரண்டு பேரிடம் முன்பணம் வாங்குகிற மாதிரி இருக்கிறது" என்றார் அவர்.

வியாபாரத்தில் நாணயத்தைப் பெரிதாக மதிக்கும் மனிதர் கேட்ட கேள்வி அது. சிரித்துத் தள்ளிவிடக்கூடியதன்று.

பெண் நிதானமாகப் பதில் சொன்னாள். புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் 2023-ஆம் வருஷத்தில் அகழாய்வு தொடங்கினார்கள் அல்லவா? அதைப் பார்க்கப் போயிருந்தாளாம். பழைய கோட்டையின் மண்ணுக்குள்ளிருந்து பானை ஓடுகளும் மணிகளும் வெளிவருவதைக் கண்டபோது, கூட நின்ற கிராமத்தார் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதானாம்: "இது எத்தனை வருஷத்துச் சாமான்?"

"அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆசைப்படுகிறேன், ஸார். தோண்டத் தெரிந்தால் மட்டும் போதாது. அளக்கவும் தெரிய வேண்டும். எந்த வாசல் திறக்கிறதோ அதன் வழியாகப் போகிறேன்" என்றாள்.

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. கரியில் ஒருவகை அணு இருக்கிறது. உயிர் போன பின் அது சிறிது சிறிதாகக் குறைந்து, 5,730 வருஷங்களில் பாதியாகிவிடும். எஞ்சியிருப்பதை அளந்தால், அடுப்பில் எரிந்த விறகு எந்தக் காலத்து மரம் என்று மதிப்பிடலாம். 1940-களின் இறுதியில் இந்த முறையைக் கண்ட அமெரிக்கரான வில்லார்டு லிப்பிக்கு 1960-இல் ரஸாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கரித்துண்டு அகப்படாத இடத்தில் மணலே சாட்சி சொல்லும். மண்ணில் புதைந்த குவார்ட்ஸ் துகள், சுற்றிலுமுள்ள இயற்கைக் கதிர்வீச்சின் சக்தியை வருஷா வருஷம் சேமித்து வைக்கிறது. ஆராய்ச்சிசாலையில் அதன் மேல் ஒளியைப் பாய்ச்சினால், சேமித்ததை ஒரு மங்கலான வெளிச்சமாக வெளியிடுகிறது. அந்த வெளிச்சத்தை அளந்து, துகள் எவ்வளவு காலம் சூரியனைக் காணாமல் இருட்டில் கிடந்தது என்று கணக்கிடுகிறார்கள். இந்தக் கணக்கு பௌதிகம். ஆனால் எந்த மண்ணடுக்கிலிருந்து, எந்தப் பானையின் பக்கத்திலிருந்து அந்தத் துகளை எடுக்க வேண்டும் என்பது புதைபொருள் ஆராய்ச்சி. இரண்டில் ஒன்று தவறினாலும் விடை தவறும்.

நம் ஜில்லாவுக்கு இது புதிதுமன்று. குடுமியான்மலையிலுள்ள இசைக் கல்வெட்டைப் பாருங்கள். பழைய கிரந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் எழுத்துக்கள் தெரியும். சங்கீதம் தெரிந்தவருக்கோ ஸ்வரங்கள் தெரியும். இரண்டும் தெரிந்தவருக்கு அல்லவா அந்தப் பாறை வாய் திறக்கும்?

ஆகவே தகப்பனாரிடம் நாம் சொன்னோம்: "உங்கள் மகள் ஒரு மூட்டையை இரண்டு பேருக்கு விற்கவில்லை. ஓர் ஊருக்குப் போக இரண்டு பாதைகளில் வழி கேட்கிறாள். அவள் எழுதியிருக்கும் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம். ஒன்றிலுள்ள வாக்கியம் மற்றொன்றைப் பொய்யாக்கினால் நீங்கள் சொல்வது சரி. ஆக்காவிட்டால் அவளை விட்டுவிடுங்கள்."

படித்தோம். பொய் எதுவும் இல்லை. ஆனால் வேறொரு குறை இருந்தது. ஒரே கடிதத்தில் துறையின் பெயரை மட்டும் மாற்றி எழுதியிருந்தாள். பௌதிகப் பேராசிரியர் அறிய விரும்புவது வேறு; தொல்லியல் பேராசிரியர் அறிய விரும்புவது வேறு. முன்னவருக்கு அவள் செய்த சோதனைகளும், கணிதப் பயிற்சியும், எந்தக் கருவியில் பழக விரும்புகிறாள் என்பதும் தெரிய வேண்டும். பின்னவருக்கு, வெயிலில் நின்று மண்ணைச் சுரண்டும் பொறுமை உண்டா, சரித்திரம் படிக்காத குறையை எப்படி நிரப்பப் போகிறாள் என்பது தெரிய வேண்டும். இரண்டையும் தனித்தனியே திரும்ப எழுதச் செய்தோம். மூன்று நாள் ஆயிற்று. நம் நாட்டில் பல இடங்களில் இத்தகைய கடிதம் கேட்பதில்லை. மதிப்பெண்ணும் நுழைவுப் பரீட்சையுமே தீர்மானிக்கின்றன. ஆயினும் நேர்முகத்தில் "ஏன் இந்தத் துறை?" என்று கேட்டால் பதில் வேண்டுமே! அதை முன்கூட்டி எழுதிப் பார்த்தவர்கள் தடுமாற மாட்டார்கள்.

இன்னும் பெரிய உதாரணம் வேண்டுவோர் சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் வரலாற்றைப் பார்க்கலாம். பரோடாவில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்று, அமெரிக்காவில் ஒஹாயோ சர்வகலாசாலையில் 1976-இல் அதே துறையில் டாக்டர் பட்டமும் வாங்கினார். பிறகு அவருடைய மனம் உயிர் நூலில் சென்றது. மீண்டும் மாணவனாகச் சேர விண்ணப்பங்கள் அனுப்பினார். ஏற்கனவே டாக்டர் பட்டம் பெற்றவரைச் சேர்ப்பதற்கில்லை என்று சில இடங்களில் கையை விரித்துவிட்டார்கள். கலிபோர்னியாவில், ஸான் டியகோ நகரத்துச் சர்வகலாசாலை சேர்த்துக்கொண்டது. அங்கே அரிச்சுவடியிலிருந்து உயிர் நூலைப் படித்தார். இரண்டாவது டாக்டர் பட்டத்தை வாங்காமலே, யேல் சர்வகலாசாலைக்கு ஆராய்ச்சி செய்யப் போனார். அங்கே உயிரணுவில் புரதத்தைச் செய்யும் 'ரைபோஸோம்' என்ற நுண்ணிய யந்திரத்தின் அமைப்பை, நியூட்ரான் கதிர்களைக் கொண்டு ஆராயும் வேலையில் இறங்கினார். பௌதிகம் படித்த கை உயிர் நூலுக்கு உதவிற்று. 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் என்ற இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு அளித்தார்கள். பௌதிகத்துக்கா, உயிர் நூலுக்கா? இரண்டுக்குமல்ல, ரஸாயனத்துக்கு! துறைகளுக்கு நடுவிலுள்ள வேலிகள் எவ்வளவு உயரம் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இனி, காரியத்துக்கு வருவோம். மத்திய சர்வகலாசாலைகளுக்காக 2022 முதல் நடைபெறும் முதுகலைப் பொது நுழைவுப் பரீட்சையில் ஒன்றுக்கு மேற்பட்ட பாடத் தாள்களை எழுத இடமுண்டு. அதே வருஷத்தில் பல்கலைக்கழக மானியக் குழு, வகுப்பு நேரங்கள் மோதாவிட்டால் ஒரே காலத்தில் இரண்டு பட்டப் படிப்புகளைப் படிக்கலாம் என்றும் அனுமதித்தது. டாக்டர் பட்டத்துக்கு மட்டும் அது இல்லை. அசல் சான்றிதழ்களைக் கலாசாலைகள் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்று 2018-இலேயே அறிவித்திருக்கிறது. எந்தப் பட்டத்தை வைத்து எந்தப் படிப்பில் சேரலாம் என்ற விதி இடத்துக்கு இடம் மாறும். பௌதிகத்துக்குப் பௌதிகமே படித்திருக்க வேண்டும் என்பார்கள். தொல்லியலுக்குப் பல இடங்களில் எந்தப் பட்டமும் போதும். அறிக்கையை எழுத்தெழுத்தாக வாசித்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

பழமொழி பொருந்தும் இடமும் உண்டு. தோழன் போட்டான் என்று ஒன்று, மாமா சொன்னார் என்று ஒன்று, கடைசித் தேதி நீட்டிக்கப்பட்டது என்று ஒன்று என எட்டுத் துறைகளுக்கு மனுப் போடுகிறவனுடைய கால் சேற்றில்தான் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கேள்வி என்னவென்று கேளுங்கள். பதில் வந்தால் அது தேடல். வராவிட்டால் அது தவிப்பு. மேலும், இரண்டு இடமும் கிடைத்த பின் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றொன்றையும் விடாமலிருப்பது தர்மமன்று. நாம் விடும் இடத்துக்காக, எங்கோ ஒரு கிராமத்தில் மற்றொரு ஏழைக் குழந்தை தபாலையோ கைபேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும். தீர்மானித்த அன்றே அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு வாசல்களும் திறந்தன. பௌதிகத்தில் உபகாரச் சம்பளமும் கிடைத்தது; குடும்ப நிலைமையை உத்தேசித்து அதில் சேர்ந்தாள். தொல்லியல் துறைக்கு, நன்றி கூறி இடத்தை விட்டுவிடுவதாக அன்றே கடிதம் எழுதினாள். தகப்பனார் அதை வாங்கிப் படித்துவிட்டு, "முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, கணக்கு நேராயிற்று" என்று சொன்னாராம்.

நம் தேசத்தின் மண்ணுக்குள் இன்னும் எவ்வளவோ புதைந்து கிடக்கிறது. நம் நீர்நிலைகள், நம் பயிர்கள், நம் நோய்கள், நம் பாஷைகள் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளும் விடை காத்துக் கிடக்கின்றன. அவற்றில் எதுவும், நான் இந்தத் துறைக்கு உரியவன் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. அவற்றைத் தேடிப் போகும் பிள்ளைகள் இரண்டு கதவைத் தட்டினால், பெற்றோர்களே, சிறிது பொறுத்திருங்கள். கடிதங்கள் இரண்டும் உண்மையாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.