களரிக்கு வெளியே நிற்கும் கமரா

வடமோடிக் கூத்துக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லை. நடுவில் வட்டக்களரி, சுற்றிவரச் சனம். அரசன் கொலு வந்து ஒரு சுற்று ஆடினால் எல்லாத் திசைக்கும் ஒருமுறை முகம் காட்டி, ஒருமுறை முதுகு காட்டிப் போவான். களரியைச் சுற்றி நட்ட வாழைக்குற்றிகளில் விளக்கேற்றி ஆடிய காலத்திலும், பின்னர் பெற்றோமக்ஸ் தொங்கிய காலத்திலும் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. அதனால் ஆட்டமும் எல்லாப் பக்கத்துக்கும் போனது.

இந்த வட்டத்தை முதலில் ஒரு பக்கமாகத் திருப்பியது வீடியோ அல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன் என்று கூத்துகளைச் சுருக்கிப் படச்சட்ட மேடையில் ஏற்றியபோது ஆட்டம் சபையைப் பார்த்து நின்றது. அது தெரிந்து, யோசித்துச் செய்த மாற்றம். ஊர்க் களரியில் வீடியோ செய்தது வேறு. வீ.எச்.எஸ். கமராக்காரன் ஒரு மூலையில் ஆயிரம் வாற் ஹலஜன் லைற்றைக் கட்டினான். இளசுகள் அந்த மூலைக்கு முகம் கொடுத்து ஆடத் தொடங்கினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வெளிச்சம் இழுத்தது. எதிர்ப்பக்கம் பாயில் இருந்த கிழவிகளுக்கு முதுகுதான் மிச்சம்.

இப்போது அந்த லைற்றே இல்லாமல் கூத்தைப் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் சித்தாண்டிக்குப் போனேன். மட்டக்களப்பிலிருந்து வடக்கே, செங்கலடியும் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமும் தாண்டினால் முருகன் கோயிலோடு வரும் ஊர். ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் ஆறும் வாவியும். ஈரக்காற்றில் லென்சுக்குள் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பதே இங்கே கமராக்காரனின் பாதி வேலை.

படம் பிடிப்பவர் கலியாண வீடுகளுக்குப் போகிற ஸ்ரூடியோக்காரர். உதவிக்கு அக்காவின் மகன். இரண்டு கமராக்கள் வைத்திருந்தார்கள், இரண்டும் புகைப்படக் கமராக்கள். ஒன்று கெனன் 5டி மார்க் 2, மற்றது சோனி ஏ7எஸ். இரண்டுமே கைமாறி வந்தவை.

5டி மார்க் 2 வந்தது 2008இல். பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் ஒரு துண்டு வீடியோவும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்த வசதிதான். ஆனால் அதன் சென்சர் பழைய பிலிம் அளவு, 36க்கு 24 மில்லிமீற்றர். அந்தக் காலத்துக் கைவீடியோக் கமராக்களில் இருந்த மூன்றில் ஒரு அங்குலச் சென்சரோடு ஒப்பிட்டால் பரப்பு ஏறத்தாழ 50 மடங்கு. இருட்டில் வித்தை காட்டுவது பரப்புத்தான். 2014இல் வந்த ஏ7எஸ் இன்னும் ஒருபடி போய், மற்றவர்கள் மெகாபிக்சலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது வெறும் 12 மெகாபிக்சலோடு நின்றது. புள்ளி குறைந்தால் ஒவ்வொரு புள்ளியும் பெரிது, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சமும் அதிகம்.

களரிக்கு மேலே குறுக்காகக் கம்பி கட்டி எல்ஈடி குமிழ்கள் தொங்கின. கூத்து தொடங்குமுன் மருமகன் செய்த முதல் வேலை, ஒவ்வொரு குமிழையும் கமராவுக்குள்ளால் பார்த்தது. இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். குமிழ் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். ஷட்டரைச் செக்கனில் 50இல் ஒன்று என்று வைத்தால் இரண்டு துடிப்பு முழுதாக உள்ளே வந்து படம் அமைதியாகும். 60இல் ஒன்று என்று வைத்தால் கறுப்புப் பட்டிகள் படத்தின் மேல் ஊர்ந்து திரியும். மலிவான எல்ஈடியில் சில, ஷட்டரை எப்படி வைத்தாலும் துடித்துக்கொண்டே இருக்கும். அப்படி ஒன்றைக் கண்டு கழற்றச் சொன்னான். கோயில் சோடனைக்காரர் முறைத்தார், ஆனாலும் கழற்றினார்.

ஷட்டரை 25இல் ஒன்றாக இறக்கினால் வெளிச்சம் இரட்டிப்பாகுமே என்று கேட்டேன். ஸ்ரூடியோக்காரர் சிரித்தார். "கால் கரைஞ்சு போகும். கூத்தில காலில்லாட்டி என்ன கிடக்கு?" அவர் சொன்னது, தாளக்கட்டு இறுகும்போது சதங்கைக் கால் வெறும் புகையாகிவிடும் என்பதை. ஆகவே ஷட்டர் 50இல் ஒன்று, லென்ஸ் வாய் எஃப் 1.8, ஐஎஸ்ஓ 3200. இதில் எதையும் விடியும்வரை கமராவின் விருப்பத்துக்கு விடுவதில்லை.

ஏன் விடுவதில்லை என்பதை முதல் வரவிலேயே கண்டேன். கூத்தர் களரிக்கு வரும்போது இரண்டு பேர் முன்னால் வெள்ளைத் துணி பிடிப்பார்கள். அந்த நேரம் கமராச் சட்டம் முழுக்க வெள்ளை. தானியங்கியில் இருந்தால் கமரா வெளிச்சம் கூடிப்போயிற்று என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிக்கொள்ளும். துணி விலகியதும் வரும் அரசன் முகம் கரியாகத் தெரியும், கமரா சுதாரித்து வெளிச்சத்தைக் கூட்டுவதற்குள் அவர் பாதிச் சுற்று ஆடியிருப்பார். ஒரு கூத்தருக்கு அந்த இரவில் மிகப் பெரிய கணம் அதுதான். மாதக்கணக்கில் பழகியது அதற்காக. அதைக் கமராவின் தடுமாற்றத்துக்குப் பலி கொடுக்கலாமா?

அடுத்த தொல்லை போகஸ். 50 மில்லிமீற்றர் லென்சை எஃப் 1.8இல் திறந்து மூன்று மீற்றரில் நிற்பவரைப் பிடித்தால், தெளிவாக இருக்கும் ஆழம் ஒரு முழத்துக்கும் குறைவு. அவரோ நிற்பதில்லை. மருமகன் லென்ஸ் வளையத்தில் மூன்று நிறத்தில் ரேப் துண்டுகள் ஒட்டியிருந்தான்: கிட்டிய விளிம்பு, நடு, தூர விளிம்பு. ஆட்டக்காரர் எட்டுப் போட்டு வரும்போது கண் திரையில் இருந்தாலும் விரல் தாளத்தோடு சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போய்வந்தது. மத்தளத்தைக் கேட்டால் எப்போது திரும்புவார் என்று தெரியும் என்றான். அவனும் சின்ன வயதில் சதங்கை கட்டியவன். வெளியூர்க் கமராக்காரனுக்கு எவ்வளவு விலைகூடிய லென்ஸ் இருந்தாலும் இந்த இடத்தில் சறுக்கும் என்பது என் எண்ணம்.

5டி மார்க் 2 ஒரு கோப்பில் 4 ஜிபிக்கு மேல் எழுதாது. ஏறத்தாழ 12 நிமிடத்தில் நின்றுவிடும். ஏ7எஸ் அரை மணிக்குச் சற்று முன் நிற்கும். அரை மணிக்கு மேல் பதியும் கமராவை ஐரோப்பிய சுங்கம் வீடியோக் கமரா என்று கணக்கிட்டு வரி போட்டதால் வந்த வழக்கம். விடிய விடிய ஆடும் கூத்துக்குச் சுங்கவரி நிறுத்தம்! ஆகவே இரண்டும் ஒரே நேரத்தில் நிற்காதபடி முன்பின்னாகத் தொடக்குகிறார்கள். ஒலி தனி, சின்னப் பதிவுக்கருவி கூத்தைப் பழக்கிய அண்ணாவியாருக்குப் பக்கத்தில். பிறகு மத்தளத்தின் ஓர் அடியைப் பிடித்து ஒலியையும் படத்தையும் பொருத்துவார்கள்.

நடுச்சாமம் தாண்டி ஒரு பக்கத்துக் குமிழ்கள் அணைந்தன. மருமகன் திரும்பினான்.

"மாமா, ஐஎஸ்ஓவக் கூட்டட்டா?"

"வேணாம் மருமகன். இருட்டு இருட்டாக் கிடக்கட்டும்."

ஏ7எஸ்ஸின் ஐஎஸ்ஓவை 4,09,600 வரை ஏற்றலாம். ஏற்றினால் வேலியில் சாய்ந்து நித்திரை கொள்பவர்வரை தெரியும், படமெல்லாம் மணல் தூவியதுபோல் புள்ளியாகும், இரவு போய்விடும். ஸ்ரான்லி குப்ரிக் 1975இல் வந்த பரி லிண்டன் படத்துக்கு மெழுகுதிரி வெளிச்சத்தில் காட்சி எடுக்க, நாசாவுக்கென்று சைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்சைத் தேடிப் பிடித்தார். அறையைப் பகலாக்க அல்ல, மெழுகுதிரியை மெழுகுதிரியாகவே விட. கைக்கு வந்த கமரா எவ்வளவு பார்க்கும் என்று காட்டுவதிலேயே இங்கே பலருடைய கவனம் நிற்கிறது. சித்தாண்டிக்காரர் அந்த ஆசையை அடக்கியவர். அதற்கு ஒரு காரணம் கிரீடத்தில் இருந்தது. கண்ணாடித் துண்டுகள் பதித்த முடி. ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதோ ஒரு துண்டு மின்னி அணைகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் எல்லாத் துண்டும் வெளுத்து ஒரே அப்பமாகிவிடும். குறைத்தே பிடித்தால் முகம் சேற்றுக்குள் போகும், பிறகு கணினியில் தூக்கினாலும் அழுக்குத்தான் மேலே வரும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச இடம்தான்.

லைற் இல்லாததால் கூத்தர்களுக்குக் கமராக்காரரைப் பார்த்து ஆடக் காரணம் இருக்கவில்லை. கமரா நின்ற பக்கம் எதுவென்று பலருக்குத் தெரியவுமில்லை. வட்டம் வட்டமாகவே சுற்றியது. அவருடைய படத்தில் முதுகு நிறைய இருக்கும். கலியாண வீட்டுக்காரர் என்றால் காசு குறைப்பார்கள்.

விடிந்து, உடுப்பு களைந்து, தேத்தண்ணி வந்த நேரம் அண்ணாவியார் சின்னத் திரையில் கொஞ்சம் பார்த்தார். புகழ்வார் என்று நானும் காத்திருந்தேன்.

"நல்லாத்தான் கிடக்கு தம்பி. ஆனா எல்லாம் மூஞ்சி. மூஞ்சிய நான் தினமும் பாக்கன். அடுத்த வருசம் பொடியனுகளுக்குப் போட்டுக் காட்டணுமெண்டா எனக்குக் கால் வேணும், ஆறு பேர் சேந்து சுத்துற சுத்து வேணும்."

அது மேலிருந்து எடுக்க வேண்டிய படம். முழுக் களரியும் அடங்க வேண்டுமென்றால் அகலக் கோண லென்ஸ் வேண்டும். ஸ்ரூடியோக்காரரிடம் இருப்பது எஃப் 4. 1.8 விடுவதில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே விடும். அதற்கு மட்டும் ஏ7எஸ்ஸின் ஐஎஸ்ஓவை 16,000 வரை ஏற்றலாம், புள்ளி விழுந்தாலும் கால் தெரியும் என்று கணக்குப் போட்டார். உயரத்துக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, உழவு மெசின் பெட்டியைக் களரி ஓரமாக விட்டு அதன்மேல் ஏணி கட்டலாம் என்றான் மருமகன். மெசின் யாருடையது, அறுவடை நேரம் தருவாரா என்பதில் பேச்சு நீண்டது.