கேட்டாச்சு... அப்புறம்?

கடவுளிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலும் வாங்கி, அந்தப் பதிலை நம்பி வாழ்க்கையின் இரண்டு வருஷத்தைத் தூக்கிக் கொடுக்க முடியுமா? இது தத்துவ வகுப்புக் கேள்வி இல்லைங்க. என்னோடு படித்த நண்பன் ஒருத்தன் இதைச் செய்தே விட்டான். கொஞ்ச நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எங்க ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், தலையைத் தூக்கினால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. இங்கே படகு வாங்குவதோ பெண் கொடுப்பதோ, சாமியைக் கேட்காமல் நடக்காது. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். அவ்வளவுதான். மாதா கோவிலுக்கும் சபைக்கும் போகிறவர்களில் நிறையப் பேர் புது வருஷத்தன்று வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். முறை வேறு, ஆசை ஒன்றுதான்: மேலே இருந்து ஒரு வார்த்தை வரணும்.

என் நண்பன் திருவொற்றியூர்க்காரன். மார்மன். சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. டீ, காபி குடிக்க மாட்டான், அதனால் கேன்டீனில் அவன் பங்கும் எனக்கே :-) மாதம் ஒரு ஞாயிறு இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, அந்தச் சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பான்.

அவர்கள் கேட்கும் முறை பூ போடுவது மாதிரி இல்லை. 1830-ல் அமெரிக்காவில் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மார்மன் புத்தகத்தின் கடைசியில், இதைப் படித்தவர்கள் இது உண்மையா என்று கடவுளிடமே நேராகக் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது. "யார் சொன்னதையும் நம்பாதே, நீயே கேட்டுப் பாரு" என்பான் நண்பன். ஆனால் சும்மா கேட்டால் போதாதாம். 1829-ல் ஆலிவர் கவுட்ரி என்பவர் ஸ்மித்தைப் போலத் தானும் மொழிபெயர்க்க முயன்று முடியாமல் நின்றபோது வந்ததாக அவர்கள் நம்பும் ஒரு பதில் இருக்கிறது. முதலில் நீயே மனசில் அலசி ஒரு முடிவுக்கு வா, பிறகு இது சரியா என்று கேள். சரி என்றால் நெஞ்சில் ஒரு கதகதப்பு வரும், தப்பு என்றால் யோசனை மரத்துப்போகும். இதுதான் சாரம்.

இது எங்கேயோ அமெரிக்காவில் நடந்த கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். 1853-லேயே ரிச்சர்ட் பாலன்டைன் முதலான மார்மன் ஊழியக்காரர்கள் நம்ம மதராஸில் கப்பலிலிருந்து இறங்கியிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் வேர் பிடிக்கவில்லை, அடுத்த வருஷமே பாலன்டைன் திரும்பிவிட்டார். நூறு வருஷம் கழித்து 1954-ல், கோயம்புத்தூர்க்காரரான பால் திருத்துவதாஸ் கையில் ஜோசப் ஸ்மித்தின் கதையைச் சொல்லும் ஒரு துண்டுப் பிரசுரம் கிடைத்தது. படித்தார், மனசில் பட்டது, அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார். ஞானஸ்நானம் கிடைத்தது 1965-ல்! பக்கத்தில் ஒரு சபை இல்லை, கூடப் பேச ஆள் இல்லை. பதினோரு வருஷம் கடிதத்தை நம்பி ஒரு மனுஷன் காத்திருந்திருக்கிறார். பெங்களூரில் அவர்களுக்கென்று ஊழிய மையம் வந்ததே 1993-ல்தான்.

எனக்கு இதில் ஒரு பெரிய சந்தேகம் உண்டு. நண்பனிடமே கேட்டேன். "மச்சி, நெஞ்சுல கதகதப்பு வந்துச்சுன்றியே, அது கடவுளா, இல்ல உன் ஆசையான்னு எப்படிடா தெரியும்?"

அவன் கோபப்படவில்லை. "மொதல்லயே தெரியாதுடா. வெதை மாதிரி. நட்டுப் பாக்கணும். மொளைச்சா நல்ல வெதை. நடாமலே கையில வெச்சிக்கினு நல்லதா கெட்டதான்னு கேட்டுனே இருந்தா?" என்றான். இந்த விதை உதாரணமும் அவர்கள் புத்தகத்தில் ஆல்மா என்ற பகுதியில் வருகிறதாம்.

இது எனக்குப் புதிதாகப் படவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்துக்குள் வந்து சேர்ந்தது. வலையெல்லாம் கறுப்பு. மீன் விற்கவில்லை. படகை விற்றுவிட்டு கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விடலாமா என்று அப்பா தடுமாறினார். ஆயா அம்மன் கோவிலில் பூ கேட்டார். விற்க வேண்டாம் என்று வந்தது. அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த ஆயா, "ஆத்தா உத்தரவு குடுத்துட்டா. வலையையும் அவளே வந்து பின்னித் தருவாளா? எழுந்திருடா" என்றார். அப்பா எழுந்து கடன் வாங்கப் போனார். உத்தரவு வந்தது பூவில் என்றாலும், அது பலித்தது அப்பா எழுந்த அன்றைக்குத்தான் என்பது என் எண்ணம்.

இனி நண்பனின் கதை. மார்மன் பையன்கள் 18 வயதிலிருந்து ஊழியத்துக்குப் போகலாம். இரண்டு வருஷம், சம்பளம் கிடையாது, எந்த ஊர் என்பதும் நம் கையில் இல்லை. அவனுக்கு அப்பா இல்லை. அம்மா தையல் வேலை, தங்கச்சி ப்ளஸ் டூ. இவன் மாலையில் ஒரு கடையில் கணக்கு எழுதித்தான் வீடு ஓடியது. அவன் மனசில் அலசினான், பட்டினி கிடந்தான், கேட்டான். பதில் வந்துவிட்டது என்றான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த தெளிவை நான் மறுக்க மாட்டேன்.

அவன் அம்மா அந்தச் சபை இல்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சாமிகிட்ட கேட்டியே, என்கிட்ட கேட்டியா?"

நான் இத்தனை நாளாக வைத்திருந்த சந்தேகத்தை விட இது பெரிய கேள்வி. என் நெஞ்சில் வரும் பதில் என்னை நடத்தலாம். எனக்காக நானே பட்டினி கிடக்கலாம், காத்திருக்கலாம், திருத்துவதாஸ் மாதிரி பதினோரு வருஷம்கூட. ஆனால் என் பதிலுக்கு விலை கொடுக்கப்போவது இன்னொருவர் என்றால்? அவருக்கும் ஒரு பதில் வர வேண்டாமா?

நண்பன் கிளம்பவில்லை. மூன்று மாதம் தள்ளிப்போட்டான். கடை வேலைக்கு ஒரு சொந்தக்காரப் பையனைப் பழக்கிவிட்டான். தங்கச்சி ஃபீஸுக்குச் சேர்த்தான். அம்மா தன் சபையில் தன் பாட்டுக்கு ஜெபம் பண்ணினார். கடைசியில் ஒரு நாள், "போய்ட்டு வா. எனக்கு ஒண்ணும் கதகதன்னு வரல. ஆனா பயம் கொஞ்சம் போயிருக்கு" என்றாராம்.

இப்போது அவன் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசுகிறான். 2019 வரை அதற்கும் அனுமதி கிடையாதாம், வருஷத்துக்கு இரண்டு தடவைதான். அந்த மூன்று மாதத்தால் அவன் நம்பிக்கை குறைந்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை. கேட்பதும் பதில் வருவதும் அவனுக்கும் கடவுளுக்கும் இடையில் நடந்தது. அந்த மூன்று மாதம்தான் என் கண்ணால் பார்த்த விசுவாசம்.

உங்க வீட்டில் எப்படி? சாமியைக் கேட்ட பிறகு, வேறு யாரைக் கேட்பீர்கள்?