இரண்டு வரியும் ஒரு பழியும்

பிழை என்னுடையது, பழியை இன்னொருவன் தலையில் போட்டேன். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்குள் 'சீனியர்' என்று பெயரெடுத்தவன் நான்.

ஜாவா 8இல் ஓடிய பழைய பில்லிங் புரோகிராம் அது. அதில் ஒரு கிளாஸில் இரண்டு ஸ்டாட்டிக் வரிகள். ஒன்று மாகாண வாரியாக விற்பனை வரி வீதங்களை வைத்திருக்கும் மேப். மற்றது அந்தக் கிளாஸின் ஒரேயொரு ஆப்ஜெக்ட். அதன் கன்ஸ்ட்ரக்டர்தான் ஒன்டாரியோவுக்கு 13 வீத எச்.எஸ்.டி. என்று அந்த மேப்பில் எழுதிவைக்கும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டுமென்று ஆப்ஜெக்ட் வரியைத் தூக்கி மேப்புக்கு மேலே வைத்தேன்.

ஜாவா ஸ்டாட்டிக் வரிகளை மேலிருந்து கீழாக, எழுதிய ஒழுங்கிலேயே இயக்கும். கன்ஸ்ட்ரக்டர் ஓடிய நேரத்தில் மேப் வெறும் 'நல்'. கம்பைலர் வாயே திறக்கவில்லை. சி++ என்றால், வெவ்வேறு கோப்புகளில் உள்ள ஸ்டாட்டிக்குகளில் எது முதலில் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று சாக்குச் சொல்லலாம். ஜாவாவில் அந்தச் சாக்கும் கிடையாது.

முதல் தடவை மட்டும் 'எக்செப்ஷன் இன் இனிஷியலைசர் எரர்' வரும். அதன்பின் ஜேவிஎம் அந்தக் கிளாஸைக் கைகழுவிவிடும்; தொடும்போதெல்லாம் 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்'தான். நான் லாக்கின் வாலை மட்டும் பார்த்தேன். கிளாஸ் காணவில்லையாம்! கிளாஸ்கள் இருக்கும் ஜார் கோப்புகளைப் புதுப்பித்தவன் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த தம்பி.

"ஜாரை விட்டிட்டீர் போல," என்றேன், எல்லோரும் இருந்த மீட்டிங்கில்.

"இல்லை அண்ணை, பார்த்தனான், இருக்கு."

நான் காது கொடுக்கவில்லை. ஜார் இல்லாவிட்டால் எரரில் கிளாஸின் பெயர் மட்டும்தான் வரும். இங்கே 'குட் நொட் இனிஷியலைஸ் கிளாஸ்' என்றே எழுதியிருந்தது. வாசித்தேன், பொருட்படுத்தவில்லை. அவன் எல்லா ஜாரையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இரவு லாக்கை மேலே உருட்டினேன். முதல் எரருக்குக் கீழே 'கோஸ்ட் பை', நல் பாயின்டர், வரி எண். கமிட் வரலாற்றில் என் பெயர். இரண்டு வரியையும் பழையபடி மாற்றி, 'சிறு திருத்தம்' என்று கமிட் போட்டேன். மறுநாள் "சரியாகிட்டுது" என்று மட்டும் சொன்னேன். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. "தாங்ஸ் அண்ணை," என்றான் தம்பி. ஜாரில் தான் விட்ட ஏதோ பிழையை நான் திருத்தியதாக நினைத்திருக்கிறான். நானும் அப்படியே நினைக்க விட்டேன்.

இதை எழுதுவதற்கு முன் அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த மீட்டிங்கில் இருந்த மற்றவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.