சூடு தெரியாத கால்

புங்குடுதீவில் குளிர் என்று சொன்னால் வெளிநாட்டில் இருக்கும் நம் உறவுகள் சிரிப்பார்கள். ஆனால் மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று கடலைத் தாண்டி வந்து இரவு முழுவதும் கூரைத்தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, பழைய காயம் உள்ளவர்களுக்கு நித்திரை இல்லை. முழங்கால் உளையும். முறிந்து பொருந்திய எலும்பு உளையும். உடம்புக்குள் செல் துண்டோடு வாழும் பெண்கள் பலர், மழை வரப்போவதை எங்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். குடும்பம், வறுமை, இடப்பெயர்வு பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தேன். ஆனால் ஒரு றப்பர் சுடுதண்ணிப் பையை எப்படிப் பாவிப்பது என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்த அறியாமைக்கு விலை கொடுத்தவர் நான் வீடு வீடாகப் போகும் இடத்தில் உள்ள ஓர் அக்கா.

அக்கா இந்தத் தீவில் பிறந்தவர். 1991இல் தீவு முழுவதும் இடம்பெயர்ந்தபோது பெற்றோருடன் யாழ்ப்பாணம் போனார். 1995இல் அங்கிருந்து வன்னி. 2009இல் முள்ளிவாய்க்காலில் தொடையில் செல் துண்டு பட்டது. மெனிக்பாம் முகாம் வாழ்க்கைக்குப் பிறகு, ஒரு மகனோடு மீண்டும் ஊருக்கு வந்து, கூரையில்லாத தாய்வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வீடாக்கினார். காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்தத் துண்டு காலுக்குப் போகும் பெரிய நரம்பைச் சிதைத்துவிட்டதால், முழங்காலுக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி மிகக் குறைவு. பாதத்தை நிமிர்த்த முடியாது, இழுத்துத்தான் நடப்பார். தொட்டால் தெரியாத அந்தப் பாதம் இரவில் ஐஸ்கட்டி போல விறைக்கிறது என்று சொல்லுவார். உணர்ச்சி இல்லாத காலில் குளிர் மட்டும் எப்படித் தெரிகிறது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. சேதமான நரம்பு இப்படிப் பொய்ச் செய்திகளும் அனுப்பும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

2021 மார்கழியில் லண்டனில் இருக்கும் என் பெரியம்மாவின் பார்சலில் உடுப்புகளோடு ஒரு சுடுதண்ணிப் பையும் வந்தது. சிவப்பு நிறம், நல்ல தடிப்பான றப்பர். எனக்கு உடனே அக்காவின் ஞாபகம்தான் வந்தது. அடுத்த நாளே கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதுக்குள்ள சுடுதண்ணி ஊத்தி காலடியில வையுங்கோ அக்கா, குளிர் தெரியாது" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நான்காம் நாள் காலையில் மகன் சைக்கிளில் வந்தான். போய்ப் பார்த்தபோது அக்காவின் குதிக்காலில் இருந்து பாதத்தின் வெளிப்பக்கம் வரை பெரிய கொப்புளம். நடுவில் தோல் வெள்ளையாகச் செத்துப்போயிருந்தது. அக்கா முகத்தில் வலியே இல்லை. வெட்கப்பட்டவர் போலத்தான் இருந்தார்.

"என்னண்டு அக்கா இப்பிடி வந்தது?"

"தெரியேல்லத் தங்கச்சி. கூடக் கொஞ்சம் சூடா இருக்கட்டுமெண்டு கேத்தில்ல கொதிச்ச தண்ணிய அப்பிடியே ஊத்தினன். விடிய எழும்பிப் பாக்கத்தான் கண்டனான். எனக்கு ஒண்டும் சுடேல்லையே!"

வைத்தியசாலையில் மருந்து கட்டிய தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சுடுது எண்டு தெரியிறதுதான் உடம்புக்குக் காவல். இவவின்ர காலில காவல்காரன் இல்லை. நீங்கள் அந்தக் காலுக்குப் போய் நெருப்பைக் குடுத்திருக்கிறியள்." புண் ஆற நான்கு மாதத்துக்கு மேல் சென்றது. ஒவ்வொரு முறையும் மருந்து கட்ட அக்காவோடு பஸ்ஸில் போய் வந்தேன். அவர் ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

சகோதரிகளே, உங்களில் பலருக்கு அக்காவைப் போன்ற காலோ கையோ முதுகோ இருக்கலாம். செல்லிலோ சன்னத்திலோ நரம்பு அறுந்தவர்கள், முதுகெலும்பில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இழந்தவர்கள், கால் இழந்து அடிக்கட்டையில் மரத்த தோல் உள்ளவர்கள், எரிகாயத் தழும்பு உள்ளவர்கள் எல்லோருக்கும் இது ஒன்றுதான். அந்த இடத்தில் சுடுதண்ணிப் பை வைக்கவே கூடாது. நெடுநாள் சலரோகம் உள்ள அம்மாமாரின் பாதமும் மெல்ல மெல்ல மரத்துப்போகும். அவர்களே அதை அறியமாட்டார்கள். நித்திரைக் குளிசை போட்டுப் படுப்பவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அருகில் இந்தப் பை வேண்டாம். மரத்த கால் குளிர்ந்தால் தடித்த மேசு போடுங்கள், போர்வையால் சுற்றுங்கள். உப்பு வறுத்து ஒத்தணம் கொடுத்தாலும் ஆபத்து அதேதான், பெயர்தான் வேறு.

கொதிதண்ணி ஊற்றியதால்தானே இப்படி வந்தது, இளஞ்சூடாக வைத்தால் என்ன என்று அக்காவின் மகன் கேட்டான். நல்ல கேள்வி. 1947இல் மொறிட்ஸ், ஹென்றிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 60 பாகை செல்சியஸ் சூடு ஏறத்தாழ ஐந்து விநாடியில் தோலை ஆழமாகச் சுடும் என்றும், வெறும் 44 பாகை கூட ஆறு மணித்தியாலம் தொடர்ந்து பட்டால் அதே வேலையைச் செய்யும் என்றும் கண்டார்கள். 44 பாகை என்றால் நாங்கள் சுகமாகக் குளிக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். உணர்ச்சி உள்ளவர்கள் நித்திரையிலும் காலை இழுத்துக்கொள்வார்கள். அக்கா இழுக்கவில்லை.

உணர்ச்சி நன்றாக உள்ளவர்களுக்கு இந்தப் பை உதவியான பொருள்தான். மாதவிடாய் வலிக்கு, முதுகுப் பிடிப்புக்கு, முழங்கால் உளைவுக்கு நானே பாவிக்கிறேன். கேத்தில் கொதித்தவுடன் ஊற்றாமல் சில நிமிடம் ஆறவிட்டு, கொஞ்சம் பச்சைத்தண்ணியும் கலந்து, பையின் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் நிரப்புவேன். ஊற்றும்போது கழுத்தைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். உள்ளே அகப்பட்ட காற்று தண்ணீரைக் கைக்குத் திருப்பி அடிக்கும். பிறகு மேசையில் மெல்லச் சரித்து, தண்ணீர் வாய்க்கு வரும்வரை காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் ஒழுக்குத் தெரிந்துவிடும். உறை இல்லாவிட்டால் துவாயால் சுற்றுங்கள். இருபது நிமிடம் போதும். படுக்கையைச் சூடாக்குவதென்றால், படுக்க முதல் பையை எடுத்துவிடுங்கள். அதன்மேல் இருப்பதோ, சரிந்து படுப்பதோ கூடாது. உடம்புப் பாரத்தில் பை வெடிக்கலாம். நாள்தோறும் ஒரே இடத்தில் வைப்பவர்களுக்கு வயிற்றிலும் இடுப்பிலும் வலை பின்னியது போல பழுப்புக் கோடுகள் வரும். அதைக் கண்டால் பையை நிறுத்தி, அந்த வலிக்குக் காரணம் என்ன என்று வைத்தியரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தாலும் பையை எடுக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

றப்பர் பை இல்லாத வீடுகளில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்திருக்கிறேன். சாராயப் போத்தலுக்குள் கொதிதண்ணி ஊற்றிச் சீலையால் சுற்றுவார்கள். கண்ணாடி சூட்டில் எந்த நேரமும் வெடிக்கும். பெரிய சோடாப் போத்தலுக்குள் ஊற்றினால் அது கண் முன்னாலேயே இளகிச் சுருங்கும். இரண்டும் வேண்டாம்.

இனி அந்தச் சிவப்புப் பைக்கு வருகிறேன். அக்காவின் புண் ஆறி வந்த காலத்தில் ஒருநாள் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கழுத்தோடு சேரும் மடிப்பில் மயிர்போல வெடிப்புகள். றப்பரில் ஒரு சிறிய பூ அச்சடிக்கப்பட்டிருந்தது. இதை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அது பையின் பிறந்த திகதி! பூவின் நடுவில் இருப்பது செய்யப்பட்ட ஆண்டு. சுற்றிவர 12 இதழ்கள், மாதத்துக்கு ஒன்று. இதழ்களுக்குள் இருக்கும் புள்ளிகள் கிழமைகளைக் குறிக்கும். புள்ளி விழுந்த கடைசி இதழ்தான் பெரும்பாலும் செய்யப்பட்ட மாதம். பெரியம்மாவின் பையில் நடுவில் 12 என்று இருந்தது. 2012. ஒன்பது வருடம் அவரின் அலுமாரியில் கிடந்து எங்களிடம் வந்திருக்கிறது. பெரியம்மாவைக் கோபிக்க மனம் வரவில்லை. பழசானாலும் எறிய மனமில்லாமல் ஊருக்கு அனுப்புகிற அன்பு அது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வருவதெல்லாம் நல்ல சாமான் என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோமே, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு வீட்டில் உள்ள பைகளைக் கொண்டுவரச் சொன்னேன். பதினொன்று வந்தன. எல்லோரும் கண்ணாடி போட்டுக்கொண்டு பூத் தேடினோம். சிலவற்றில் பூவே இல்லை. பூ இருந்தவற்றில் ஒன்று 2006ஆம் ஆண்டுப் பை. "என்ர மகளின்ர வயசு" என்றார் ஒரு தாய். எல்லோரும் சிரித்தார்கள். பையைப் பாவிக்கத் தொடங்கி இரண்டு வருடத்தில் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. திகதி தெரியாவிட்டால் மடித்து, மடிப்பின் உள்ளே பாருங்கள். வெடிப்பு, வெள்ளைத் தூள், ஒட்டும் தன்மை, விறைப்பு, பொருத்தில் கசிவு, மூடியின் றப்பர் வளையம் தேய்ந்திருத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அந்தப் பை முடிந்துவிட்டது. ஒட்டுப் போட்டுத் தைக்கும் பொருள் இதுவல்ல.

அன்று பார்த்த பைகளில் பாதி, வருடத்துக்கு முந்தியே கெட்டிருந்தன. காரணம் நாங்கள்தான். முழங்காலுக்கு எண்ணெய் பூசி, அதன்மேல் பையை வைப்பது எங்கள் பழக்கம். எண்ணெய் றப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். பாம் பூசிய தோலில் சூடு வைத்தால் தோலே சுட்டுப் புண்ணாகும். பிறகு பையைக் கழுவிக் கொடியில் உடுப்போடு வெயிலில் போடுகிறோம். வெயிலும் றப்பருக்கு எதிரி. பாவித்த பிறகு தண்ணீரை முழுதாக ஊற்றிவிட்டு, மூடியைக் கழற்றி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அடுப்பங்கரையில் வேண்டாம்.

இன்னும் ஒன்று. சுட்டுவிட்டால் உடனே குளிர்ந்த சுத்தமான தண்ணீரை இருபது நிமிடம் தொடர்ந்து ஊற்ற வேண்டும். எங்கள் தீவில் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். கிணறு உவர், நல்ல தண்ணீர் பவுசரில் வருவதைக் காத்திருந்து பிடிக்கிறோம். குடிக்கிற தண்ணியைக் காலில் ஊற்றுவதா என்று மனம் கேட்கும். ஊற்றுங்கள். ஐஸ், பற்பசை, தேங்காயெண்ணெய், உப்பு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். மரத்த இடத்தில் சுட்டால், வலி இல்லை என்று வீட்டில் இருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே வலி இல்லாதது நல்ல அறிகுறி அல்ல.

அக்கா இப்போது இரவில் இரண்டு சோடி மேசு போட்டுப் படுக்கிறார். படுக்க முதல் சின்ன முகக்கண்ணாடியைப் பிடித்துப் பாதத்தின் அடியைப் பார்க்கிறார். முள், கீறல், கொப்புளம் எதுவும் இல்லையென்றால்தான் விளக்கை அணைப்பார்.

அந்தச் சிவப்புப் பையை வேறு யாரும் எடுத்துப் பாவித்துவிடாமல் வெட்டி எறியத்தான் நான் கத்தரிக்கோலோடு போனேன். அக்கா விடவில்லை. வாயும் கழுத்தும் உள்ள துண்டைத் தனியாக வெட்டித் தரச் சொன்னார். இப்போது அது அவரின் குசினியில், விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் புனலாக ஆணியில் தொங்குகிறது.