மூன்று சேலைக்கு ஒரு பாவு

"உங்களுக்குப் பிடிச்ச நிறம் எதுங்க?"

சேலம், நாமக்கல் பக்கத்து நெசவாளர் வீடுகளில் நான் முதலில் கேட்டது இதைத்தான். கூலி எவ்வளவு, தறி எத்தனை, பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வருவார்களா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவர்களுக்குச் சலித்துப்போயிருக்கிறது. நிறத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கேட்டதும் நாடாவை இழுக்கும் கை நின்றுவிடுகிறது. ஒரு பட்டுச்சேலையை நாம் கடையில் சில நிமிடம் பார்த்து எடுத்துவிடுகிறோம். நெய்பவர் அதே நிறத்தை விடிந்ததிலிருந்து அந்தி வரை, நாள் கணக்கில், ஒரு முழ தூரத்தில் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர் அவர் இல்லை. நிறம் முதலாளியின் கடையிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ முடிவாகி, சாயம் ஏறிய நூலாக அவர் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

சேலத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த துணியோ நிறமே ஏறாதது: வெண்பட்டு. மாப்பிள்ளை கட்டும் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் அதில்தான் வருகின்றன. அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டில் அந்த வேட்டி தறியில் இருந்தது. வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலுக்கு வந்தால் தமிழ். அண்ணன் குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா சுவரோரம் ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வெள்ளைதாங்க எங்களுக்குச் சோறு போடுது. ஆனா பிடிச்ச நிறம்னு கேட்டா வெள்ளையச் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணன். "வெள்ளை எல்லாத்தையும் காட்டிக்கொடுத்துரும்."

அந்த வீட்டின் நடைமுறை முழுவதும் வெள்ளைக்காக ஏற்பட்டது. தறிக்குப் போகுமுன் கை கழுவித் துடைக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் ஈரம் உலரும்வரை தறிப்பக்கம் போகக் கூடாது. மஞ்சள் பூசிய கையோடு தார் தொடக் கூடாது. வெற்றிலை கிடையாது. சமையல் புகை வரும் பக்கத்தில் ஒரு பழைய சேலை திரையாகத் தொங்குகிறது. நெய்து சுருட்டிய பகுதியை இன்னொரு துணி மூடியிருக்கிறது. மழைக்காலத்தில் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நமத்து இழை இளகும். வெயில் காலத்தில் நெற்றி வியர்வை சொட்டிவிடுமோ என்று தோளில் எப்போதும் துண்டு. ஒரு சொட்டு விழுந்து மஞ்சள் படிந்தால் வேட்டி எடுபடாது, கூலியில் பிடிப்பார்கள். இவ்வளவு காவலுக்குப் பிறகு வரும் அந்த வெண்மையை நான் அருகிலிருந்து பார்த்தேன். சுண்ணாம்பு வெள்ளை இல்லை அது. உள்ளே லேசாகத் தந்தச் சாயல் இருக்கிறது. விரலை மேலே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"அப்போ எதுங்கண்ணா பிடிக்கும்?"

கரையைக் காட்டினார். மயில்கண் கரை: சிவப்பும் பச்சையும் ஒன்றை ஒன்று தொட்டபடி ஓடுகின்றன. "உடம்பு பூரா வெள்ளையில ஓடிட்டு கண்ணு இங்க வந்து கொஞ்சம் தங்கும்." ராட்டையை நிறுத்தாமலே அக்கா சொன்னார்: "எனக்கு வாடாமல்லி. ஆனா இந்த வீட்டுல வாடாமல்லித் தார் நான் சுத்தினதே இல்ல."

நெசவை ஆண் தொழிலாகவே பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களைக் காட்டுகிறது. நெசவாளர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். தறியில் ஆண் உட்காரும் வீட்டிலும் குறுக்கே ஓடும் ஒவ்வொரு கஜம் ஊடை நூலும் ஒரு பெண்ணின் விரலிடுக்கில் ஓடித்தான் தாருக்குப் போகிறது.

நிறம் பிறக்கும் இடத்தைப் பார்க்கக் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குப் போனேன். தகரக் கூரை, விறகடுப்பு, ஆவி. பட்டு முதலில் சோப்பும் சோடா உப்பும் கலந்த நீரில் வேகிறது. புழு தன் கூட்டில் இழையோடு சேர்த்து உமிழ்ந்த பசை அதில் கரைந்து போகிறது. எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அந்தப் பசைதான். ஒரு கிலோ நூல் உள்ளே போனால் சுமார் முக்கால் கிலோதான் வெளியே வரும். விறைப்பாக, மங்கலாக இருந்த நூல் அதன் பிறகுதான் பட்டுக்குரிய பளபளப்பைக் காட்டுகிறது.

அடுத்து சாயம். சட்டியில் நீர் கொதிக்கும் நிலையை நெருங்கிக்கொண்டிருக்க, கம்புகளில் மாட்டிய நூல் கழிகளை இருவர் எதிரெதிரே நின்று புரட்டிப் புரட்டி விடுகிறார்கள். ஓர் இடத்தில் நூல் அரை நிமிடம் நின்றுவிட்டாலும் திட்டு விழும். மூத்த சாயக்காரரின் மடியில் ஒரு விரல் நீள மாதிரி நூல். கொடுத்தவர் சொன்ன நிறம் அதுதான். பெயரெல்லாம் ஒரு அடையாளத்துக்கு. அரக்கு, மாந்தளிர், வெங்காயச் சருகு, கிளிப்பச்சை, ஆனந்தா புளூ என்று பட்டறைக்குப் பட்டறை ஒரே பெயரில் வேறு வேறு நிறம் உண்டு.

அவர் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. கழியின் ஒரு நுனியைப் பிழிந்து, அடுப்பு வெக்கையில் காட்டி உலர்த்துகிறார், நனைந்த நூல் இருண்டு தெரியும் என்பதால். பிறகு மாதிரி நூலையும் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடக்கிறார். டியூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் பிரிந்துவிடும். வானத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார், கண்ணைச் சுருக்குகிறார், உள்ளே வருகிறார். மஞ்சள் ஒரு சிட்டிகை. மறுபடி புரட்டல், பிழிதல், வாசல். அளவெழுதிய சீட்டு எதுவும் அங்கே இல்லை. இது கைப்பழக்கம் மட்டும் என்று சொல்ல எனக்குச் சம்மதமில்லை. இரண்டு செய்முறைகளுக்கு நடுவே என்ன மாறியது என்று மனத்தில் எழுதிவைத்துக்கொண்டே போகும் கணக்கு அது. கடைசியில் அமிலம் சேர்த்தார். கலங்கலாக இருந்த நீரிலிருந்து சாயம் முழுவதும் பட்டுக்குள் ஏறி, சட்டி மெல்லத் தெளிந்தது.

"ஐயா, உங்களுக்கு எது பிடிக்கும்?"

தெளிந்த நீரைக் காட்டினார். "இந்த மாதிரி தண்ணி தெளியிற நிறம் எதுவா இருந்தாலும் பிடிக்கும் கண்ணு. சந்தனம், தேன், இளம் ரோஸ் எல்லாம் சீக்கிரம் தெளிஞ்சிரும். கறுப்பு அடிச்சா எத்தனை அலசு அலசினாலும் தண்ணி விட்டுக்கிட்டேதான் இருக்கும். போட்ட சாயமும் வீணு, தண்ணியும் வீணு."

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பது இந்தச் சமவெளியில் சின்னக் கேள்வி இல்லை. சேர்வராயன் மலையில் பிறந்து சேலத்தின் நடுவே ஓடி நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறு நகரக் கழிவோடு சாயக்கழிவையும் சுமந்திருக்கிறது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் காவிரிக்கே அந்தச் சுமை உண்டு. நான் நிறங்களை நேசிக்கிறேன். ஆற்றங்கரையில் நின்று பார்த்தவர் யாரும் அந்த நேசத்தைக் கணக்குப் பார்க்காமல் வைத்துக்கொள்ள முடியாது. புற்றுநோய் அபாயம் கருதி ஜெர்மனி 1994இல் சில வகை அசோ சாயங்களைத் தடுத்தது. இந்தியாவிலும் 1997இல் தடை வந்தது. தொழில் மாற்றுச் சாயத்துக்குப் பழகிக்கொண்டது. கழிவுநீரிலும் அது முடியும். அதற்கான செலவைச் சிறு பட்டறைக்காரர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். அடர்ந்த நிறம் வேண்டும் என்று கேட்பவர்கள் நாம்தானே.

இளம்பிள்ளைக்கும் போனேன். கஞ்சமலை அடிவாரத்து ஊர், விசைத்தறியின் இரைச்சல் பேருந்து நிறுத்தத்திலேயே கேட்கிறது. கணினித் திரையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று மாற்றிப் பார்த்துவிட்டே நூல் வாங்குகிறார்கள். விலை குறைந்த இந்தச் சேலைகளால்தான் எத்தனையோ வீடுகளில் பெண்கள் தாங்கள் விரும்பிய நிறத்தைக் கட்டுகிறார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று கைத்தறிக்கு மட்டும் 22 ரகங்களை ஒதுக்க 1985இல் வந்த சட்டம் பிறகு 11 ரகங்களாகச் சுருங்கியது. அந்தப் பதினொன்றையாவது ஒழுங்காகக் காப்பாற்ற வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ராசிபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரே வீட்டில் இரண்டு தறி. மாமனார் ஒன்றில், மருமகள் ஒன்றில். பெரியவரின் தறியில் கறுப்புப் பாவு. பாவுக்கு அடியில் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி விரித்திருந்தார்.

"கறுப்பு இழை அறுந்தா எது எதோட இழைன்னு தெரியாது கண்ணு. கீழ வெள்ளை இருந்தாத்தான் கண்ணு பிடிக்கும். கண்ணுல பொரை எடுத்ததுக்கு அப்புறம் ராத்திரி கறுப்புல உட்காருறதே இல்ல."

"கறுப்புக்குக் கூலி கூட உண்டுங்களா?"

"நிறத்துக்குன்னு தனிக் கூலி ஏதுங்க? மஞ்சப் பாவு பத்து நாள்ல இறங்கினா கறுப்பு பன்னெண்டு நாள். அந்த ரெண்டு நாள் எங்க கணக்கு."

இதை எழுதிவைப்பது முக்கியம் என்று நினைக்கிறேன். வேலைப்பாட்டுக்குக் கூலி வைக்கத் தெரிந்த வியாபாரம், கண்ணுக்கு வரும் சிரமத்தை எடை போட்டதில்லை. கறுப்புப் பட்டு கேட்டு வாங்குபவர்கள் கூடிக்கொண்டிருக்கும் காலத்தில் ரகத்தோடு நிறத்தையும் சேர்த்துக் கூலி நிர்ணயிக்கச் சங்கங்களால் முடியும். கோ-ஆப்டெக்ஸ் பட்டுச்சேலையோடு நெசவாளரின் படத்தையும் பெயரையும் வைத்துக் கொடுத்தது நல்ல தொடக்கம். அந்த அட்டையில் இருக்கும் கண்களுக்கும் ஒரு விலை உண்டு.

மருமகள் தறியில் வேறு கதை. அவருக்குப் பிடித்தது நாற்றங்கால் பச்சை. விதைத்த பத்தாம் நாள் பயிரின் நிறம் என்று விளக்கினார். கல்யாணமாகி வந்ததிலிருந்து நெய்கிறார், தனக்கென்று ஒரு பட்டு நெய்துகொண்டதில்லை. சீட்டுப் பணம் வந்திருக்கிறது, மாரியாத்தா நோம்பிக்கு நெய்துவிடலாம் என்றால் ஒரு இடைஞ்சல். ஒரு சேலைக்காக யாரும் பாவு ஏற்றுவதில்லை. பாவு பிணைக்கும் வேலைக்கும் தறியில் வீணாகும் நூலுக்கும் கட்டுப்படியாக மூன்று சேலை நீளமாவது வேண்டும். மூன்று சேலைக்கான நூல் வாங்க அவரிடம் பணம் இல்லை. அதனால் நாத்தனாரையும் பக்கத்து வீட்டு அக்காவையும் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்கோ பச்சை வேண்டாம்.

"நிறத்தைப் பாவு பாதி, ஊடை பாதி குடுக்குது. அதை வச்சுத்தான் பேசி முடிச்சோம்" என்றார்.

மூன்று சேலைக்கும் பாவு ஒரே பச்சை. அதில் மஞ்சள் ஊடை விட்டால் இவருடைய நாற்றுப் பச்சை. மஞ்சள் தீர்ந்ததும் நீல ஊடை விட்டால் பக்கத்து வீட்டு அக்கா கேட்ட மயில்கழுத்து. நடக்கும்போது மடிப்பில் ஒரு நிறமும் விரிப்பில் ஒரு நிறமுமாக மாறும். சிவப்பு ஊடை விட்டால் மாந்தளிர். இதுதான் நாத்தனாருக்கு. அவர் கேட்டது சுத்தச் சிவப்பு. பச்சைப் பாவில் அது வராது என்று ஒரு மாதிரித் துண்டு நெய்து காட்டியிருக்கிறார். அதைப் பார்த்தும் நாத்தனார் இறங்கிவரவில்லை. கரைப் பாவும் மூன்றுக்கும் பொது என்பதால், கரையாவது அரக்குச் சிவப்பாக இருக்கட்டும் என்று மற்ற இருவரும் விட்டுக்கொடுத்தார்களாம். நாற்றுப் பச்சைக்கு அரக்குக் கரை எடுப்பாகத்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். மனதார அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த மாதிரித் துண்டை எடுத்துக் காட்டினார். உள்ளங்கை அகலம், மூன்று நிறமும் கோடு போட்டாற்போல் அடுத்தடுத்து இருந்தன. மயில்கழுத்துச் சேலைகளை நான் பல வருடமாக விரும்பிக் கட்டுபவள். அந்த நிறத்துக்கு ஒரு பச்சையும் ஒரு நீலமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதைக் கையில் வைத்துப் பார்த்தது அன்றுதான்.

கரைக்கும் உடலுக்கும் மாதிரி நூல் சாயக்காரரிடம் போய்விட்டது. தறியில் இருக்கும் முதலாளி சேலை இறங்கியதும் பச்சைப் பாவு ஏறும். எந்தச் சேலையை முதலில் நெய்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. மூத்தவள் தான் என்பதால் மாந்தளிர்தான் முதலில் என்கிறாராம் நாத்தனார். "நெய்யறவ நான், என்னோடதுதான் முதல்ல" என்று சொல்லிவிட்டு மருமகள் பலகையை இழுத்து அடிக்கத் தொடங்கினார்.