காய்ச்சல் வரும் என்று சொல்லிவிடுங்கள்

வீட்டுப் பெரியவர் "எனக்கு ஊசி வேண்டாம்" என்று சொன்னால், விவரம் தெரியாமல் பேசுகிறார் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். 2021 கோடையில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில் கிராம சுகாதார செவிலியரோடு வீடு வீடாகப் போனபோது நான் கண்டது வேறு. ஓய்வு பெற்ற ஆசிரியை நான். பல வீடுகளில் என்னிடம் படித்தவர்கள் இருந்ததால், கொரோனா தடுப்பூசி பற்றிப் பேச நர்சம்மா என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். வேண்டாம் என்ற ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது. ஒருவர் காரணம்போல் இன்னொருவருடையது இல்லை.

அந்த ஆண்டு மார்ச் 1 முதல் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்டு, எல்லாரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி விடிகாலையில் இறந்துபோனார். அதற்குப் பிறகு எந்தத் திண்ணைக்குப் போனாலும் ஒரே பேச்சு: "விவேக்கே போயிட்டாரே டீச்சர், நாமெல்லாம் எம்மாத்திரம்?"

நர்சம்மா இதற்கு உடனே மறுப்புச் சொல்ல மாட்டார். "ஆமாம்மா, எனக்கும் மனசே ஆறல" என்பார். சொல்லிவிட்டு உட்காருவார். விவேக்கின் படங்களைப் பற்றி, அவர் மரக்கன்று நட்டதைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு போகும். பிறகுதான், இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருந்ததாக டாக்டர்கள் சொன்னதையும், அப்படிப்பட்ட அடைப்பு ஒரே நாளில் வருவதில்லை என்பதையும் எடுத்துச் சொல்வார். அந்த மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் ஆய்வுக் குழு சொன்னது பல மாதம் கழித்துத்தான். ஏப்ரலில் பயந்தவருக்கு ஏப்ரலிலேயே பதில் வேண்டியிருந்தது. துக்கத்தை மதித்த பிறகு சொன்ன பதிலைத்தான் அவர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

மே மாதம் இன்னொரு புரளி வந்தது. ஊசி போட்டவர்கள் இரண்டு வருஷத்தில் செத்துவிடுவார்கள் என்று நோபல் பரிசு வாங்கிய விஞ்ஞானி ஒருவரே சொன்னாராம். அவர் அப்படிச் சொல்லவில்லை. அதை நம்பிப் பயந்த ஒரு பாட்டியிடம் இருந்ததோ பட்டன் போன். புரளியைப் படித்துக் காட்டியது பேரன். அந்த மாதிரி வீடுகளில் முதலில் பேரனோடு பேச வேண்டியிருந்தது.

கீழத்தெருவில் தனியாக இருந்த ஒரு அம்மா, வாரக்கணக்கில் "பாக்கலாம், பாக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மகன் திருப்பூரில். ஒரு நாள், "எதுக்கும்மா யோசிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தோம். ஆட்டுக்கொட்டிலைக் காட்டினார். "காய்ச்சல்ல ரெண்டு நாள் படுத்துட்டா இதுங்களை யாரு ஓட்டிக்கிட்டுப் போறது? எனக்குக் கஞ்சி வச்சுத் தர யாரு இருக்கா?" ஊசியின் மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஆடு மேய்க்க ஒத்துக்கொண்டான், கஞ்சிக்கும் ஏற்பாடாயிற்று. நர்சம்மா பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்து, எப்போது போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் போய்ப் பார்த்தார். எந்தப் புள்ளிவிவரத்தாலும் ஆகாதது இதில் ஆயிற்று.

இன்னொரு பெரியவர், "சின்னஞ்சிறுசுகளுக்குப் போடுங்க. நான் இருந்து என்ன ஆகப்போவுது?" என்றார். ஊசி தட்டுப்பாடு என்று செய்தி வந்துகொண்டிருந்த நேரம். கேட்கப் பெருந்தன்மையாகத்தான் இருந்தது. ஆனால், தன்னால் இனி யாருக்கும் உபயோகமில்லை என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது. எங்கள் வாய்க்காலில் எந்த மதகை எப்போது திறக்க வேண்டும் என்று அவரைப்போல் அறிந்தவர் கிடையாது. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறப்பதாக அறிவிப்பு வந்திருந்தது. "தண்ணி வரும்போது நீங்க இல்லாம யாருங்கய்யா முறை வச்சு விடுறது?" என்று கேட்டேன். பேசாமல் இருந்தார். அடுத்த முகாமுக்கு ஆதார் அட்டையோடு வந்தார்.

தடுப்பூசி இந்தத் தலைமுறைக்குப் புதிதும் இல்லை. ஒரு அப்பாயி சேலைத் தலைப்பை விலக்கி, கையில் இருந்த வட்டத் தழும்பைக் காட்டினார். அம்மை குத்துகிறவர்கள் வந்தபோது அவருடைய அம்மா அவரை நெல் குதிருக்குள் ஒளித்து வைத்தாராம். கண்டுபிடித்துக் குத்திவிட்டார்கள். "அன்னிக்கு அழுதேன். ஆனா பெரியம்மை இப்ப எங்க இருக்கு?" என்றார். 1977இல் இந்தியாவிலும் 1980இல் உலகம் முழுவதிலும் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள். அந்தத் தெருவில் எங்களைவிட அவர் பேச்சுதான் அதிகம் எடுபட்டது. பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல இன்னொரு பெரியவரைத் தேடிப் பிடியுங்கள் என்பது அங்கே கிடைத்த பாடம்.

"ஒண்ணும் பண்ணாது" என்று மட்டும் நர்சம்மா யாரிடமும் சொன்னதில்லை. "கை வலிக்கும். காய்ச்சல் வரலாம், உடம்பு வலி இருக்கலாம், ரெண்டு நாள்ல சரியாயிடும். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலிச்சாலோ ராத்திரின்னு பாக்காம எனக்குப் போன் போடுங்க" என்பார். ஒன்றும் பண்ணாது என்று கேட்டுப்போனவர் காய்ச்சலில் படுத்தால், மறுநாள் ஊரே பின்வாங்கிவிடும். காய்ச்சல் வரும் என்று தெரிந்தே போனவர், "சொன்ன மாதிரியே வந்துச்சு, போச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். நோய் வரவே வராது என்றும் நர்சம்மா வாக்குக் கொடுக்கவில்லை. வந்தாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் போகாமல் தப்பிக்கப் பெரும்பாலும் உதவும் என்றுதான் சொன்னார். 2022 ஜனவரியில் ஒமைக்ரான் பரவி, ஊசி போட்டவர்களுக்கும் சளி, காய்ச்சல் வந்தபோது எங்கள் ஊரில் யாரும் அவரிடம் சண்டைக்குப் போகவில்லை.

அந்தப் பேச்சு கொரோனாவோடு முடியவில்லை. மழைக்காலத்தில் ஃப்ளூ வருகிறது. வயதானவர்களுக்கு அது நிமோனியாவில் கொண்டுவிடும்; இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஃப்ளூ ஊசி போடச் சொன்னால், "போன வருஷம்தானே போட்டேன், மறுபடியும் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்த வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, எந்த வகைகளுக்கு ஊசி தயாரிக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஊசியின் பாதுகாப்பும் நாளாக ஆகக் குறைந்துவிடும். இதைச் சொன்னால் பெரியவர்களுக்கு நன்றாகவே புரிகிறது. பெரும்பாலும் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துத்தான் இந்த ஊசியைப் போட வேண்டியிருக்கிறது. பிள்ளையிடம் காசு கேட்கக் கூசி, "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று சொல்லிவிடுகிற அம்மாக்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்கும் முன்பே, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிள்ளை சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரானால் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர் என்ன யோசிக்கிறார் என்பதை முழுக்கச் சொல்லவிடுங்கள். ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறவர் அன்று ராத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும்; முடியாவிட்டால், இருப்பவரை ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்ற பிறகு அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசுங்கள். கட்டாயம் காதுகொடுத்துக் கேட்பார்கள்.